நூற்றிரண்டு வயதில் ஒரு டேய்

செங்கோவையில் அன்றும் காலை ஐந்தரை மணிக்குச் சூரியனைப் போட்டார்கள். செவ்வாய் கிரகத்துக்கு நிஜச் சூரியன் ஒன்று உண்டுதான். ஆனால் அது ரொம்பத் தூரத்தில், சோகை பிடித்த மாதிரி ஒரு வெளிச்சம் தருவதால், கண்ணாடிக் கூரைக்குக் கீழே வாழும் நான்கு லட்சம் பேருக்கும் மாநகராட்சியே தினமும் ஒரு சூரியனைப் போட்டு அணைக்கிறது. போட்ட பத்தாவது நிமிடம் நீரேற்று நிலையப் பூங்கா நிரம்பிவிட்டது. தொண்ணூறு வயதுக்குக் குறைந்தவர் ஒருவரும் அங்கே இல்லை. ஒருவர் கயிறு ஏறிக்கொண்டிருந்தார். இன்னொருவர் நீளம் தாண்டிவிட்டு மணலில் உட்கார்ந்து, கழன்றுபோன கணுக்காலைத் திருகி மாட்டிக்கொண்டிருந்தார். நூற்றுப் பதினான்கு வயது அம்மாள் ஒருவர் குண்டெறிந்து பழகினார். குண்டு போய் விழுந்த திசையிலிருந்து, "பாத்துப் போடுங்க" என்று யாரோ அலறினார்கள்.

இந்தக் கும்பலோடு, மூன்றாவது ஜோடி முழங்கால்களை நம்பி மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தவர் சென்னியப்பன். வயது நூற்றிரண்டு. காற்றுப் பம்பு மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது போலீஸ் வேலைக்கு மனுப் போட்டிருந்தார்.

பதினைந்து நாளுக்கு முன்பு வந்த அரசு அறிவிப்புதான் காரணம். இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்கு உச்ச வயது வரம்பு அடியோடு நீக்கப்படுகிறது, தொண்ணூறு தாண்டியவர்களுக்கு முன்னுரிமை உண்டு என்று அதில் இருந்தது. முதியவர்கள்மேல் அரசுக்கு ஏன் இந்தத் திடீர்க் கரிசனம் என்று தோண்டிக்கொண்டே போனால், அது ஒரு சின்னச் சொல்லில் போய் முட்டும். டேய்.

ஆறு வருடங்களுக்கு முன்பு, புகார் கொடுக்க ஸ்டேஷனுக்குப் போன பேராசிரியர் ஒருவரைப் பாராவில் நின்றவர், "யோவ், அங்க குந்துய்யா" என்று சொல்லிவிட்டார். பேராசிரியர் குந்தவில்லை, கோர்ட்டுக்குப் போனார். போலீசார் மக்களை ஒருமையில் பேசக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. இந்த மாதிரி உத்தரவுகள் பூமியிலும் வந்ததுண்டு. வந்து ஃபைலுக்குள் தூங்கியதுமுண்டு. செவ்வாயின் நீதிபதி உஷாரானவர். வாயை நம்பாமல் வாய்க்குள் கை வைத்தார். ஒவ்வொரு போலீஸ்காரர் நாக்கின் அடியிலும் கடுகளவு கருவி ஒன்று பதிக்கப்பட்டது. அதன் பெயர் நாப்பூட்டு.

நாப்பூட்டின் வேலை எளிது. செங்கோவையில் ஒவ்வொருவர் தோள் எலும்பிலும் வயதுச் சில்லு ஒன்று உண்டு. எதிரே நிற்பவரின் சில்லைப் பூட்டு படிக்கும். அவர் இளையவர் என்றால் சும்மா இருக்கும். மூத்தவர் இளையவரை உரிமையோடு வா, போ என்பது நம் பண்பாடு என்று நீதிபதியே தீர்ப்பில் இரண்டு பக்கம் உருகியிருந்தார். எதிரே நிற்பவர் மூத்தவர் என்றால், தொண்டையில் கிளம்பிய 'டா' உதட்டுக்கு வருவதற்குள் அதை 'ங்க' ஆக்கிவிடும்.

உறுப்புகளை மாற்றி மாற்றி மனிதர்கள் நூற்றைம்பது வயதுவரை வாழ்கிற ஊர் அது. சராசரி வயதே எழுபத்தெட்டு. இருபத்தைந்து வயதுக் கான்ஸ்டபிளுக்கு ஊரே மூத்தது. பிடித்த திருடனிடம் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "அந்தச் சங்கிலியக் குடுத்துட்டுப் போங்கய்யா" என்பார். திருடன் கடிகாரத்தைப் பார்த்து, "நாளைக்குப் பாக்கலாம் தம்பி" என்று கிளம்பிவிடுவான். அரசு ஏழு பேர் கொண்ட கமிட்டி போட்டது. மரியாதையாகப் பேசியே வேலை வாங்குவது எப்படி என்று போலீசாருக்குப் பயிற்சி கொடுக்கலாமே என்று கமிட்டியில் ஒருவர் சொன்னார். அந்த இடத்தில் நடவடிக்கைக் குறிப்பில் 'சிரிப்பு' என்று பதிவாகியிருக்கிறது. கடைசியில் கமிட்டி வேறு வழி கண்டுபிடித்தது. ஊரில் எல்லாருக்கும் மூத்தவர்களாகப் பார்த்து வேலைக்கு எடுத்துவிட்டால், பூட்டு இருந்தும் இல்லாத மாதிரிதானே?

சென்னியப்பனுக்கு இந்த அரசியல் எதிலும் அக்கறையில்லை. அவருக்கு வேண்டியது ஒரு இதயம். தனக்கு அல்ல, மனைவி மயிலாத்தாளுக்கு.

மயிலாத்தாளின் இதயம் இரண்டாவது முறையாகத் தேய்ந்துபோயிருந்தது. மாவு டப்பாவைத் தூக்கினால்கூட உதடு நீலம் பாய்ந்தது. இன்னும் இரண்டு வருடம் ஓடும் என்றார் டாக்டர். இதய வரிசையில் அவள் பெயர் வர ஒன்பது வருடம் ஆகும் என்றது ஆஸ்பத்திரி. அரசு ஊழியர் குடும்பத்துக்கு மட்டும் வரிசை கிடையாது. ஆனால் செங்கோவையில் கிளார்க்கிலிருந்து கலெக்டர் வரை எல்லா வேலையையும் இயந்திரங்கள் எடுத்துக்கொண்டு வெகுகாலம் ஆகிவிட்டது. மனிதனுக்கு மிச்சமிருந்த ஒரே அரசாங்க வேலை போலீஸ். அதனால்தான் சென்னியப்பன் ஓடினார். ஓட்டம் அவருக்குப் பெரிய விஷயமில்லை. அவர் பயம் வேறு.

தேர்வு இரண்டு பகுதி. உடல்திறன் ஒன்று, அதட்டல் இன்னொன்று. சென்னியப்பனுக்கு அதட்ட வராது. ஊரை உருவாக்கியவர்கள் கோயம்புத்தூர்க்காரர்கள். பம்புசெட்டோடு கூட 'ங்க'வையும் ராக்கெட்டில் ஏற்றி வந்தவர்கள். அந்த ஊரிலேயே அவர் ஒரு படி மேல். தெருநாய் குறுக்கே படுத்திருந்தால், "கொஞ்சம் நகந்துக்கறீங்களா" என்று கேட்டு நிற்பார். பெற்ற பிள்ளைகள் நான்கு பேரையும் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து வாங்க போங்க என்றே வளர்த்தார். மனைவியைக் கட்டி எழுபத்தொரு வருடத்தில் ஒருநாள்கூட 'நீ' என்றதில்லை. அம்மிணி, வாங்க; அம்மிணி, சாப்பிடுங்க. அந்த வீதியின் மற்ற பெண்கள் இதைக் கேட்டுத் தங்கள் கணவன்மாரை ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தக் கணவன்மார் சென்னியப்பனை ஒரு பார்வை பார்ப்பார்கள்.

அவரைப் பயிற்சி மையத்தில் சேர்த்துவிட்டது மயிலாத்தாள்தான். அரசு வேலை என்று ஒன்று இருந்தால் அதற்கு முன்பே பயிற்சி மையம் ஒன்று இருக்கும் என்பது செவ்வாய்க்கும் பொருந்தும். நடத்தியவர் கார்வண்ணன், ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர், வயது எழுபத்தொன்று. ஒரு காலத்தில் அவருடைய டேய்க்குப் பேருந்தே நின்றிருக்கிறதாம். பாவம், ஓய்வு பெற்றும் பூட்டு அவர் வாயிலேயே இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மாணவர்கள் அத்தனை பேரும் மூத்தவர்கள்.

"எல்லாரும் கவனிங்க. நான் இப்பச் சொல்லிக் காட்றேன்" என்று மூச்சை இழுத்து, நரம்பு புடைக்க, கண் சிவக்க, மேசையில் ஓங்கி அடித்து அவர் கத்தினார். "ஐயா! பின்னாடி பேசறது யாருங்க?"

வகுப்பு மரியாதையாக அமைதியானது. கார்வண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தான் சொல்ல நினைத்ததைப் பலகையில் எழுதிக் காட்டினார்.

"டேயில மூணு வகை இருக்குதுங்க," என்று பாடத்தைத் தொடர்ந்தார். "கூப்பிடற டேய், மெரட்டற டேய். இது ரெண்டும் யாருக்கும் வரும். மூணாவதுதான் முக்கியம். காரணமே இல்லாத டேய். சும்மா போறவனப் பாத்து அது தானா வருதுன்னா, அன்னிக்கு நீங்க போலீஸ் ஆயிட்டீங்கன்னு அர்த்தம்."

சென்னியப்பன் எழுந்து, "முதல் வகையே எனக்கு வரமாட்டீங்குதுங்க" என்றார்.

வீட்டில் மயிலாத்தாள் தனியாகப் பாடம் எடுத்தாள். அவளுக்கு அந்தச் சிரமமே இல்லை. நாலு பையன்களை வளர்த்தவள். வீட்டுச் சந்துக்குக் குறுக்கே நின்ற மூன்று சரக்கு வண்டிகளைப் பார்த்து, ஜன்னலில் நின்றபடியே, அந்தத் தேய்ந்த இதயத்தோடு, "டேய்! எவன்டா அது? வண்டிய எடுங்கடா!" என்று ஒரு குரல் கொடுத்தாள். ஓட்டுநர் இல்லாத வண்டிகள் அவை. இருந்தும் மூன்றும் பின்வாங்கின.

"பாத்தீங்ளா? அவ்வளவுதானுங்க. இப்ப நம்ம குட்டியப் பாத்துச் சொல்லுங்க."

குட்டி என்பது அவர்கள் வீட்டு வேலைகளைச் செய்யும் இயந்திரம். திட்டினால் வருத்தப்படாது என்று அதன் உத்தரவாத அட்டையிலேயே போட்டிருந்தது. சென்னியப்பன் அதன் முன்னால் நின்று, தொண்டையைச் செருமி, முஷ்டியை இறுக்கிக்கொண்டார்.

"டே... டே..." என்றார். முகம் வேர்த்தது. "டேங்க்ல தண்ணி இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க" என்றது குட்டி.

மயிலாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள். "சரி, அது வேண்டாம். என்னையவே சொல்லிப் பழகுங்க. வாடின்னு ஒருக்கா சொல்லுங்க."

"அம்மிணியப் போயி அப்புடிச் சொல்லுவனுங்களா?" சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்புடிச் சொல்லித்தான் அந்த வேல கெடைக்கும்னா எனக்கு அது வேண்டாமுங்க."

"எனக்கு வேணுமுங்க," என்றாள் அவள். மாவு பிசைந்த கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "எனக்குச் சாகப் பயமா இருக்குதுங்க. எனக்காவ ஒருக்கா அந்தச் சொல்லச் சொல்லிப்போடுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டனுங்க."

எழுபத்தொரு வருடத்தில் அவள் வாய்விட்டுப் பயம் என்று சொன்னது அன்றுதான். அவர் வாசலுக்குப் போய் நெடுநேரம் நின்றார். ஆனாலும் வாடி வரவில்லை.

தேர்வு நாள். ஓட்டத்தில் ஐந்தாவதாக வந்தார். மார்பை விரித்துக் காட்டினார். உடம்பில் பாதிக்கு மேல் சொந்த உறுப்பு இருக்க வேண்டும் என்ற விதியையும் ஒரு சிறுநீரகத்தின் தயவில் தாண்டினார். பிறகு அதட்டல் தேர்வு.

மைதானத்தில் செயற்கையாக ஒரு ரோடு போட்டிருந்தார்கள். நடுரோட்டில் எண்பத்து மூன்று வயது ஆள் ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தேர்வுக்கென்றே அமர்த்திய முரடர். அவரை எழுப்ப வேண்டும். மேடையில் ஐந்து அதிகாரிகள். நடுவில் ஆணையர் நிதர்சனா, அறுபத்தாறு வயது, கையில் நேரம் பார்க்கும் கருவி. சென்னியப்பனுக்கு முன்னால் போனவர் எட்டு நிமிடம் தொண்டை கிழியக் கத்தினார். முரடரின் பரம்பரையில் ஐந்து தலைமுறையை இழுத்தார். முரடர் காது குடைந்துகொண்டே கேட்டிருந்தார். அதிகாரிகள் தலையாட்டி மதிப்பெண் போட்டார்கள்.

சென்னியப்பன் போய் முரடரின் எதிரில் குனிந்தார். வாயைத் திறந்தார். வந்தது பழைய வாய்தான்.

"ஏன் கண்ணு, தரை சுடுதுங்களே. காலைல இருந்து இப்படியே ஒக்காந்திருக்கீங்களாட்ட இருக்குது. ஏதாச்சும் சாப்டீங்ளா? எந்திரிச்சு நெழலுக்கு வாங்க, அப்பறமா வந்து ஒக்காந்துக்கலாம்."

முரடர் ஒரு கணம் விழித்தார். பிறகு வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து, "ஒரு டீ கெடைக்குங்களா?" என்றபடி ஓரமாக நடந்தார். பதினோரு விநாடி ஆகியிருந்தது.

"பூஜ்யம்" என்றார் நிதர்சனா.

சென்னியப்பனுக்குப் புரியவில்லை. "ஆளு எந்திரிச்சுட்டாருங்களே அம்மா?"

"எந்திரிச்சது சரிங்க ஐயா. ஆனா பயந்தாரா?" ஆணையர் வருத்தத்தோடுதான் கேட்டார். "காரியம் நடந்தாப் போதும்னா நாங்க ரோபோவையே வெச்சுக்கிட்டிருப்போமே. ரெண்டு வருஷம் வெச்சும் பாத்தோம். அது எல்லார்கிட்டயும் நல்லாப் பேசி எல்லாக் கேஸையும் முடிச்சுது. ஊர்ல ஒருத்தருக்கும் போலீஸ் இருக்கற நெனப்பே இல்லாமப் போச்சு. அப்பறம் துறைன்னு ஒண்ணு எதுக்கு?"

அவர் விண்ணப்பத்தைப் புரட்டினார். காரணம் என்ற கட்டத்தில் சென்னியப்பன் ஒளிவு மறைவில்லாமல் மனைவியின் இதயம் என்று எழுதியிருந்தார். நிதர்சனா நல்ல மனுஷி. "இன்னொரு வாய்ப்புத் தர்றேங்க. நாங்க அஞ்சு பேருமே உங்களுக்கு எளையவங்க. எங்களத் திட்டுங்க. ஒரே ஒரு தடவை."

சென்னியப்பன் மேடையைப் பார்த்தார். ஐந்து பேரும் நாற்காலியில் சாய்ந்து, சட்டையில் நட்சத்திரங்களோடு, காத்திருந்தார்கள். இவர்களுடைய ஒரு கையெழுத்தில் ஒரு இதயம் இருந்தது. அவரைப் போல் அதட்டத் தெரியாத ஒருவனுக்குப் பெண்டாட்டியாக வாய்த்த குற்றத்துக்காக மயிலாத்தாள் ஒன்பது வருட வரிசையில் நின்று, இரண்டாவது வருடத்தில் விழுந்து சாக வேண்டுமா? அவருக்கு வாழ்நாளில் முதல்முறையாக உள்ளே ஏதோ கொதித்து வந்தது.

"டேய்!" என்றார். மைதானமே திரும்பியது. "மனுசன் உசுரு போயிட்டிருக்குது, மார்க்காடா போடறீங்க மார்க்கு? எந்திரிங்கடா எல்லாரும்!"

ஐந்து பேரும் விருட்டென்று எழுந்து விறைத்து நின்று சல்யூட் அடித்துவிட்டார்கள். அடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவர்களுக்கே தெரிந்தது. நிதர்சனா கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். "ஆறு வருஷமாச்சுங்க, இப்படி ஒண்ணக் கேட்டு" என்றார். நூற்றுக்கு நூறு.

மறுநாளே மயிலாத்தாளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். புது இதயம் உடம்போடு ஒத்துப்போகும்வரை இரண்டு மாதம் கண்ணாடி அறைக்குள் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவர் கையசைப்பார். அந்தப் பக்கமிருந்து அவள் சிரிப்பாள். பேச முடியாது. மற்ற ஆறு நாளும் அவர் நாக்குக்கடியில் புதுப்பூட்டோடு, சந்தைப்பேட்டை ஸ்டேஷனில் வேலை பார்த்தார்.

முதல் வாரம் ஒவ்வொரு டேய்க்குப் பிறகும், "தப்பா நெனச்சுக்காதீங்க கண்ணு" என்று காதோரம் சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை. மூன்றாவது வாரம் டீக்கடையில் அவருக்கு முன்னால் வந்து நின்ற பத்துப் பேரைத் தாண்டி அவருக்கு முதலில் டீ வந்தது. நூறு வருடம் வரிசையில் நின்று குடித்த மனிதர். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஐந்தாவது வாரம் டீ வரத் தாமதமானது. ஒரு டேய் விட்டார். எட்டாவது வாரம், தன் பாட்டுக்குச் சுவரோரமாகப் போய்க்கொண்டிருந்த எழுபது வயதுப் பையன் ஒருவனைப் பார்த்து, எதற்கென்றே தெரியாமல், "டேய்" என்றார். அவன் நடுங்கி நின்றான். அவருக்குத் தன் மூன்றாம் ஜோடி முழங்காலிலிருந்து உச்சந்தலைவரை ஒரு சுகம் ஏறியது. நல்ல சுகம் என்பதை மறைப்பானேன். அன்று சோறு இரண்டு தட்டு இறங்கியது.

மயிலாத்தாள் வீடு திரும்பினாள். அதற்குள் போலீஸ் குவார்ட்டர்ஸில் வீடு கிடைத்திருந்தது. அவரோடு வேலைக்குச் சேர்ந்த மூன்று பேர் அவளைப் பார்க்க வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சென்னியப்பன் அவர்களுக்கு நடுவில் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்தார். வந்த மூவரும் தங்கள் வீட்டில் எப்படிப் பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியும். தன் வீட்டில் மட்டும் என்ன குறைச்சல் என்று காட்ட வேண்டும் போலிருந்தது. மீசையைத் தடவிக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பி, 'ஏ மயிலா, எல்லாருக்கும் டீ போட்டு எடுத்துட்டு வாடி' என்று சொன்னார்.

வாயிலிருந்து வந்தது இது: "அம்மிணி, எல்லாருக்கும் டீ போட்டு எடுத்துட்டு வாங்க."

கன்னத்தைத் தட்டிக்கொண்டு மறுபடி சொன்னார். மறுபடியும் வாங்க. மூன்றாவது முறை எழுந்து நின்று, காலைத் தரையில் உதைத்துக் கத்தினார். "அம்மிணி! சீக்கிரமா வாங்க!" வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கினார்கள். எழுபத்தொரு வருடமாக அவர் சொல்லிவந்த அதே வாக்கியம்தான். அன்று அது வாயிலிருந்து விழுந்தபோது அவருக்கு மானம் போன மாதிரி இருந்தது.

வந்தவர்களில் ஒருவர் இடுப்பிலிருந்த சில்லு வாசிப்பானை எடுத்து, டீயோடு வந்த மயிலாத்தாளின் தோளருகே காட்டினார். திரையில் எண் விழுந்தது. நூற்றைந்து.

"தப்பு," என்றார் சென்னியப்பன். "அவளுக்குத் தொண்ணூத்தெட்டு. கல்யாணத்தப்பவே எனக்கு நாலு வயசு எளையவ."

மயிலாத்தாள் டீத் தட்டை வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். "இதயம் வெக்கறதுக்கு முன்னால எலும்ப அளக்கறது இப்பப் புதுசா வந்திருக்குதுங்க," என்றாள் மெதுவாக. "நெசமான வயசுக்குத்தான் இதயம் பொருந்துமாமுங்க. அளந்து, சில்லுலயும் மாத்தி எழுதிப்போட்டாங்க. பொண்ணு பையனக் காட்டியும் மூணு வயசு மூத்ததுன்னா யாருங்க கட்டுவாங்க? எங்கப்பாதான் ஏழு வயசக் கொறைச்சு எழுதிக் குடுத்தாரு. சொல்லோணும் சொல்லோணும்னுதான் இருந்தனுங்க. எழுவத்தோரு வருசம் போயிருச்சு."

ராக்கெட் ஏறி வந்தவர்கள் பெண்ணின் வயதில் பாதியைப் பூமியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள் என்பது அந்த ஒரு வாரத்தில் ஊருக்கே வெளிச்சமானது. குவார்ட்டர்ஸில் நாற்பது வீடு. வேலை கிடைத்த சூட்டில் எல்லா வீட்டிலும் மனைவிமார் ஏதோ ஓர் உறுப்பை மாற்றியிருந்தார்கள். எல்லார் எலும்பையும் அளந்திருந்தார்கள். அதில் பத்தொன்பது வீட்டில் மனைவி மூத்தவள். பத்தொன்பது வீட்டிலிருந்தும் காலையில் நெற்றி நரம்பு புடைக்கும் குரலில், "சோறு போடுங்க", "சட்டை எங்கீங்க" என்று கேட்டது. பொய் சொல்லிக் கட்டிவைத்தார்கள் என்றுதான் சென்னியப்பன் வெளியே சொல்லிக்கொண்டார். அவரை உறுத்தியது அதுவல்ல. தானாக விரும்பிக் கொடுத்தபோது அது அவருடைய பெருந்தன்மை. இப்போது அதைச் சட்டம் அவர் வாயிலிருந்து பிடுங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

காவலர் சங்கம் கூடியது. மனைவியை வாடி என்று கூப்பிட முடியாதவன் ஊரை எப்படி அடக்குவான் என்று மனு எழுதினார்கள். முதல் கையெழுத்து சென்னியப்பனுடையது. மனு காலையில் போனது, மதியம் அரசாணை வந்துவிட்டது. இதயத்துக்கு ஒன்பது வருட வரிசை வைத்திருந்த அதே அரசுதான். 'காவலர்களின் மனைவியரைப் பொறுத்தவரை வயது வரம்பு தளர்த்தப்படுகிறது. அவர்கள் எத்தனை வயதினராயினும் கணவரைவிட இளையவராகவே கருதப்படுவர்.' பெண் காவலர்கள் தங்கள் கணவர்களுக்கும் இது பொருந்துமா என்று கேட்டிருந்தார்கள். அது பரிசீலனையில் இருப்பதாகப் பதில் போனது.

அன்று மாலையே நாப்பூட்டுப் பிரிவிலிருந்து தாரகை என்ற ஐம்பது வயது மெக்கானிக் பெண் ஒருத்தி வீடு வீடாக வந்தாள். சென்னியப்பனை வாயைத் திறக்கச் சொல்லி, மெல்லிய கம்பி ஒன்றை நாக்கின் அடியில் விட்டு இரண்டு நிமிடம் ஏதோ மாற்றினாள்.

"ஆயிருச்சுங்க. இப்பச் சொல்லிப் பாருங்க."

சென்னியப்பன் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரமாக நின்ற மயிலாத்தாளைப் பார்த்தார். "ஏ, வாடி இங்க" என்றார். தடங்கலே இல்லை. வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னொரு முறையும் சொல்லி ருசி பார்த்தார்.

மயிலாத்தாள் வரவில்லை. அவளுக்கு அழுகைதான் வந்தது. அழுகைக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. "இதுக்காங்க நான் உங்களுக்கு டேய் சொல்லிக் குடுத்தேன்?" என்றாள்.

"அட, இதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கற?" சென்னியப்பன் பெரிய மனது பண்ணிச் சிரித்தார். "நாந்தான் மூணு வருசம் சின்னவனாச்சே. உன்ற வாயில பூட்டு ஒண்ணும் இல்லியே. வேணும்னா நீயும் என்னையப் பாத்து டேய்னு ஒருக்கா சொல்லிக்க. ஒரு சட்டமும் தடுக்காது."

அவளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. வாழ்க்கையில் எதையும் அவள் அப்போதைப் போல் விரும்பியதில்லை. நிமிர்ந்தாள். மூச்சை அடிவயிற்றிலிருந்து இழுத்தாள். புது இதயம் காதுக்குக் கேட்கும்படி அடித்தது. சந்தில் நின்ற மூன்று வண்டிகளைப் பின்வாங்க வைத்த அதே வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க," என்றது வாய்.

உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடி, மறுபடி முயன்றாள்.

"காப்பி ஆறுதுங்க. குடிச்சுப்போட்டுப் பேசுங்க."

மூன்றாவது தடவையும் அப்படித்தான் ஆனது. சென்னியப்பன் சிரித்துக்கொண்டே காப்பியை எடுக்கப் போனார். கருவிகளைப் பைக்குள் எடுத்துவைத்துக்கொண்டிருந்த தாரகையின் கையை மயிலாத்தாள் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு, ஆஸ்பத்திரில இதயத்தோட சேத்து எனக்கும் அந்தப் பூட்ட வெச்சுப்போட்டாங்களாட்ட இருக்குது. கொஞ்சம் என்னன்னு பாருங்களேன்."

தாரகை அவளை வெளிச்சத்தில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னாள். நாக்கைத் தூக்கி அடியில் விளக்கடித்தாள். தாடையின் இரண்டு பக்கமும் விரலால் தடவினாள். வாசிப்பானை ஒருமுறைக்கு இருமுறை வைத்துப் பார்த்தாள்.

"பூட்டெல்லாம் ஒண்ணுமே இல்லீங்கம்மா," என்றாள். "வெறும் வாய்தானுங்க."